மணிக்கு முன்னால் உயரும் கை

இந்த ஆண்டு பேட்ஜ் குத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பதவியேற்பு அன்று என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். "ஏழுமலை ஐயா ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று மைக்கில் சொல்லியும் விட்டீர்கள். இருபத்தாறு வருடம் அந்த மைக்கைத் தூக்கி வைத்து, ஒயர் இழுத்து, சத்தம் வருகிறதா என்று தட்டிப் பார்த்தவன் நான். அதன் முன்னால் நின்று பேசியது கிடையாது. வணக்கம் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். எட்டாவது வரை படித்தவன். பேசுவதைவிட எழுதினால் கொஞ்சம் நிதானமாக வரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

விழா முடிந்து டீ குடிக்கும்போது உங்களில் ஒரு பெண் வந்து கேட்டாள். "ஐயா, தினமும் ஒன்பது மணி பெல்லுக்கு முன்னாடி லீடர் ஒருத்தர் பக்கத்துல நின்னு கை தூக்குறோமே, அது எதுக்கு? கொடியேத்தும்போது சல்யூட் வைக்கிற மாதிரி மரியாதையா?"

"ஆமாம்மா, மரியாதைதான்" என்றேன். சுற்றி ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள். அதனால் அப்படிச் சொன்னேன். அது உண்மை இல்லை. அந்தக் கை என்னால் வந்தது. நான் செய்த ஒரு தப்பால் வந்தது. அதை இனிமேல் தூக்கப்போகிறவர்கள் நீங்கள். தெரிந்துகொண்டு தூக்குவதுதான் சரி.

உங்களை மாணவர்கள் என்று நினைத்து இதை எழுதவில்லை. கேட்டில் லீடர்கள் நின்றார்கள், மணியடியில் நான் நின்றேன். காலையில் பள்ளிக்கூடத்தைத் தொடங்கி வைத்தது நாங்கள்தான். அந்த விதத்தில் நீங்கள் என் கூட வேலை செய்கிறவர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தலைமையாசிரியையாக ஒரு சிஸ்டர் இருந்தார்கள். பெயரை எழுத மாட்டேன், அது அவர்களுக்குப் பிடிக்காது. லீடர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. நன்றாக மார்க் வாங்குகிற பிள்ளை, மேடையில் நன்றாகப் பேசுகிற பிள்ளை என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறவர்களை ஆளுக்கு ஒரு வாரம் கேட்டில் நிறுத்துவார்கள். மழையில் நனைந்து ஓடி வருகிற ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார்கள், வாத்தியார் வீட்டுப் பிள்ளை லேட்டாக வந்தால் என்ன செய்கிறார்கள் என்று மாடி ஜன்னலில் இருந்து பார்ப்பார்கள். அதில் தேறியவர்களுக்குத்தான் ஓட்டு.

லேட்டாக வருகிறவர்கள் பெயரை எழுத ஒரு நீள நோட்டு உண்டு. அதில் முதல் பக்கத்தை மட்டும் சிஸ்டர் காலியாக விடச் சொல்வார்கள். அது லீடர்களுக்கு. லீடர் ஏதாவது தப்புச் செய்தால், யாரும் பார்க்காவிட்டாலும், அவரே தன் கையால் அதில் எழுத வேண்டும். அதற்குத் தண்டனை கிடையாது. சனிக்கிழமை சிஸ்டர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: "சரி, திங்கக்கிழமை என்ன பண்ணப்போறே?"

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் கேட்டேன். "இன்னா சிஸ்டர், இது உங்க கோயில்ல ஃபாதர்கிட்ட போய் முட்டி போட்டுச் சொல்வாங்களே, அது மாதிரியா?"

சிஸ்டர் சிரித்துவிட்டார்கள். "அது காதுக்குள்ள சொல்றது, ஏழுமலை. இது எல்லாரும் படிக்கிறது. இதுதான் கஷ்டம்."

"தலைவனே தன் தப்ப எழுதி வெச்சா, மத்த பசங்க மதிப்பாங்களா?"

"பாருங்க" என்றார்கள். அவ்வளவுதான்.

பார்த்தேன். அந்த வருடத்து உதவி லீடர், சரியான முரட்டுப் பையன், முதல் பக்கத்தில் இப்படி எழுதினான்: 'பிரேயரில் பேசிய என் நண்பன் பெயரை எழுதாமல் விட்டேன்.' அவனைக் கிண்டல் செய்வார்கள் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் செய்தார்கள். மூன்றாம் நாள் அந்த நண்பனே வந்து, "டேய், என்னையும் எழுதுடா, பேஜாரா இருக்குது" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பையன் ஒரு வார்த்தை சொன்னால் வரிசை நேராக நின்றது. பிரம்பு வைத்திருந்த எங்கள் டிரில் மாஸ்டருக்கே அப்படி நிற்கவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம் கோமதி என்ற பெண் பள்ளித் தலைவியாக இருந்தாள். பத்தாம் வகுப்பு. அவள் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒல்லியாக இருப்பாள். அப்பாவின் பழைய வாட்சை, பட்டையில் ஆணியால் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டு இறுக்கிக் கட்டியிருப்பாள். சொந்தத் தம்பி லேட்டாக வந்தபோது முதல் ஆளாக அவன் பெயரைத்தான் எழுதினாள். பையன்கள் அவளைப் பார்த்தால், "டேய், கலெக்டரம்மா வர்றாங்க, சட்டைய உள்ள விடு" என்பார்கள்.

"கலெக்டர்னா காருல வருவாங்க. நான் உன்ன மாதிரி நடந்துதான் வர்றேன். பட்டனப் போடு" என்பாள். முகத்தில் கோபமே இருக்காது. பையன் சிரித்துக்கொண்டே பட்டனைப் போடுவான்.

விதி இதுதான். ஒன்பது மணிக்கு இரண்டாவது பெல். அதற்குப் பிறகு வந்தால் லேட். ஒரு மாதத்தில் மூன்று தடவை லேட் ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த மாதம் எந்தப் போட்டிக்கும் பள்ளி சார்பில் போக முடியாது.

என் மகள் செல்வி அப்போது அங்கேதான் எட்டாம் வகுப்பு படித்தாள். நாங்கள் சேவூர். வீட்டில் என் மனைவி தறி நெய்தாள். நான் ஏழு மணிக்கே சைக்கிளில் கிளம்பி வந்து வகுப்பறைகளைத் திறக்க வேண்டும். அந்த மாதம் செல்வி ஏற்கெனவே இரண்டு தடவை லேட்.

மூன்றாவது தடவை வந்த நாள், எங்கள் வீட்டுப் பாவு தெருவில் விரித்த நாள். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகள்தான் பாவு. அதை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுற்றி எடுத்துவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் முடியாது. தெருவே கை கொடுக்கும். பாதியில் ஒருவர் கையை விட்டால் மொத்தமும் சிக்கிக்கொள்ளும். நான் கிளம்பும்போது செல்வி ஒரு முனையைப் பிடித்திருந்தாள். "ஜல்தியா முடிச்சிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பது மணி ஆனது. ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்தேன். கிளையில் தொங்குகிற தண்டவாளத் துண்டுதான் நம் பள்ளி மணி. இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தேன். கேட்டுக்கு வெளியே சாலை தெரிந்தது. செல்வியைக் காணோம்.

மழை நாளில் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் ஒரு நிமிடம் பொறுத்து மணி அடித்தது உண்டு. அன்றைக்கு மழை இல்லை. ஒரே ஒரு பிள்ளைக்காக நின்றேன். மூன்றாவது லேட் என்றால் அவளைத் திருப்பி அனுப்பும்போது கேட்டைச் சாத்துகிறவனும் நான்தான், கூட்டிக்கொண்டு வர வேண்டிய அப்பாவும் நான்தான். எல்லாப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். இதைத்தான் யோசித்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போனது. சாலைத் திருப்பத்தில் செல்வியின் சைக்கிள் தெரிந்தது. அவள் கேட்டுக்குள் நுழையும்வரை காத்திருந்து மணியை அடித்தேன். நான்கு நிமிடம் தாண்டியிருந்தது.

கோமதி கேட்டிலிருந்து என் பக்கம் வந்தாள். "அண்ணா, பெல் எத்தன மணிக்கு அடிச்சீங்க?"

"ஒம்போதுக்குத்தாம்மா. உன் வாட்சு ஃபாஸ்டா ஓடுது."

அவள் வாட்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்குப் போனாள்.

அடுத்த நிமிடமே ஒரு பையன் வேகமாகச் சைக்கிள் மிதித்து வந்து, அதைக் கேட்டில் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். பெயர் சேகர். எங்கள் தெருப் பையன்தான், பத்தாம் வகுப்பு, கபடி டீமில் நல்ல ஆட்டக்காரன். அன்றைக்குச் செய்யாரில் ஆட்டம். பத்து மணிக்கு டீம் பஸ் ஏறுகிறது. அவனுக்கும் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு லேட். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். ஏன் லேட் என்று அவன் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எழுதிக்க கோமதி" என்றான்.

அவள் பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை. நோட்டை மூடி எடுத்துக்கொண்டு மறுபடி என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணா, சேகர எழுதினா அவன் செய்யாருக்குப் போக முடியாது. எழுதலாம், விதிதான். ஆனா ரெண்டு நிமிஷம் முன்னாடி நான் விட்டவங்கள எழுதாம இவன மட்டும் எப்படி எழுதறது?"

நான் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்களப் பத்தி சிஸ்டர்கிட்ட போய்ச் சொல்ல மாட்டேன். அது என் வேல இல்ல. என் தப்ப எழுதிட்டுப் போறேன்." மரத்தில் நோட்டை வைத்து முதல் பக்கத்தில் எழுதினாள். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்: 'பெல் நான்கு நிமிடம் தாமதம். என்னிடம் வாட்ச் இருந்தது. ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். இன்றைய பட்டியல் சரியில்லை.'

என் பெயர் அதில் இல்லை. மகளின் பெயரும் இல்லை. இருந்திருந்தால் சண்டைக்காவது போயிருப்பேன். அந்த வருடம்தான் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி சிஸ்டர் மேலே எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த நோட்டு சிஸ்டர் மேஜைக்குப் போனால் முதல் கேள்வி, யார் மணி அடித்தது என்பதுதான். மனசு எப்படி ஓடியது தெரியுமா? ஆபீஸ் கடிகாரம் நின்றுபோய்விட்டது என்று சொல்லலாமா, பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு வரலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். ஒரு தப்பு அடுத்த தப்பை இவ்வளவு சீக்கிரம் கூப்பிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது பிரேயர் வரிசையிலிருந்து செல்வி வெளியே வந்தாள். சேகரைக் கேட்டிலேயே நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள். நேராகக் கோமதியிடம் போனாள்.

"அக்கா, சேகரண்ணா எங்க வீட்டுப் பாவுலதான் நின்னுகினு இருந்தாரு. எனக்கு லேட்டாவுதுன்னு, நீ கெளம்பு, உன் மொனைய நான் புடிச்சுக்கறேன்னு என்ன அனுப்பிச்சுட்டாரு. சுத்தி முடிச்சிட்டு வர்றாரு. என்ன எழுதிக்குங்க. அவர விட்ருங்க."

நான் அந்தக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். என் மகளை உள்ளே விட மணியை நிறுத்தி வைத்தேன். என் வீட்டுப் பட்டைக் காப்பாற்றிவிட்டு ஓடி வந்தவன் மேல் அதே மணியை அடித்துவிட்டேன்.

கோமதியிடம் பேனாவைக் கேட்டேன். "எதுக்குண்ணா?" என்றாள். "குடும்மா" என்று வாங்கி, அவள் எழுதியதற்குக் கீழே எழுதினேன்: 'மணியை நான்தான் நிறுத்தி வைத்தேன். என் மகள் செல்விக்காக. ஏழுமலை.' லீடர் பிள்ளைகள் மட்டும் எழுதிவந்த அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் எழுதியது அதுதான் முதல் தடவை.

நான்கு பேரும் சிஸ்டர் அறைக்குப் போனோம். சிஸ்டர் முதல் பக்கத்தைப் படித்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. கோமதியைப் பார்த்து, "நீதான் லீடர். இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார்கள்.

பதினைந்து வயசுப் பெண். வெளியே டீம் கிளம்பிக்கொண்டிருக்கிறது. "சேகரை மன்னிச்சு விட்டுடுங்க சிஸ்டர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம். அவள் அதைச் சொல்லவில்லை.

"ரெண்டு பேரையும் எழுதணும் சிஸ்டர். ரெண்டு பேருமே ஒம்போதுக்கு அப்பறம்தான் வந்தாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா நோட்டுல பேரு இருக்குது, கிளாஸ் இருக்குது, டைம் இருக்குது. ஏன் லேட்டுன்னு எழுத எடமே இல்ல. நான் யாரையும் கேட்டதும் இல்ல. அது என் தப்புதான். நாலாவதா ஒரு கட்டம் போட்டுடறேன். காரணத்த வந்தவங்க சொல்லக் கூடாது, தெரிஞ்ச வேற யாராவது சொல்லணும். காரணம் சரியா இருந்தா அந்த லேட்டக் கணக்குல சேக்க வேணாம். சேகருக்குச் செல்வி சொல்லிட்டா."

"செல்விக்கு?"

"செல்விக்கு நான் சொல்றேன்" என்றான் சேகர். "பாவ விட்டுட்டு வர மனசில்லாம நின்னுகினு இருந்துச்சு. நான்தான் தொரத்தனேன்."

சிஸ்டர் தலையாட்டினார்கள். முடிந்தது என்று நினைத்தேன். கோமதி நகரவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"சிஸ்டர், போன வாரம் ஆறாங்கிளாஸ் யமுனாவ மூணாவது லேட்டுன்னு திருப்பி அனுப்பிட்டேன். அன்னிக்குத்தான் ஓவியப் போட்டி. ஏன்னு கேக்கவே இல்ல. இன்னிக்கு சேகரக் கேட்டா, அவள ஏன் கேக்கலன்னு இருக்குது. சாயங்காலம் அவ வீட்டுக்குப் போகணும்."

"போயிட்டு வா. ஏழுமலை, நீங்களும் கூடப் போங்க" என்றார்கள்.

சேகர் பஸ்ஸுக்கு ஓடினான். பின்னாலேயே போய், "சேகரு, மனசுல வெச்சுக்காதப்பா" என்றேன்.

"இன்னா மாமா நீங்க. பாவ முழுசா சுத்தி வெச்சுட்டேன், ஒரு இழகூட அறுந்து போவல. அத்தைக்கு உள்ள எடுத்து வெக்கக் கை பத்தாது, மத்தியானம் போனா பாருங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான். அவர்கள் அன்றைக்கு ஜெயித்தார்களா என்று கேட்பீர்கள். தோற்றுத்தான் வந்தார்கள். சேகர் முட்டியில் சிராய்ப்போடு வந்து, அடுத்த நாள் சரியாக எட்டே முக்காலுக்குக் கேட்டில் நின்றான்.

சாயங்காலம் யமுனா வீட்டுக்குப் போனோம். டவுன் பஸ் வழியில் நின்றுபோய், அந்தப் பிள்ளை பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் அம்மா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இப்பத்தான் கேக்கத் தோணிச்சா உங்களுக்கு? புது கலர் டப்பா வாங்கிக் குடுத்தனுப்பினேன். அப்படியே திருப்பி எடுத்துகினு வந்துச்சு புள்ள."

கோமதி ஒரு காரணமும் சொல்லவில்லை. விதி அப்படி, சிஸ்டர் சொன்னார்கள் என்று எதையும் இழுக்கவில்லை. "என் தப்புதாங்க. நான் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். யமுனா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். போட்டி முடிந்துபோனது, அதை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. திரும்பி வரும்போது கோமதி, "நாளைக்குக் கேட்டுல அவள எப்படிப் பாக்கறதுண்ணா" என்று கேட்டாள். மறுநாள் அவள் யமுனாவுக்கு வணக்கம் வைத்தாள். பதில் இல்லை. தினமும் வைத்தாள். எத்தனையோ நாள் கழித்து யமுனாவும் ஒருநாள் தலையை ஆட்டினாள்.

என் கதை பாக்கி. மறுநாள் காலை சிஸ்டர் மரத்தடிக்கே வந்தார்கள். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"முதல் பக்கத்துல எழுதினதுக்குத் தண்டனை கிடையாது, ஏழுமலை. அது உங்களுக்கும்தான். மேல அனுப்பின கடுதாசி அப்படியே இருக்கும்" என்றார்கள். பிறகு, எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற அதே கேள்வி: "இன்னிக்கு என்ன பண்ணப்போறீங்க?"

முந்தின நாளிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "பெல் நேரத்துல ஒரு லீடர் வாட்சோட எம்பக்கத்துல நிக்கட்டும் சிஸ்டர். அவங்க கை தூக்கினா அடிக்கிறேன். தூக்காம அடிக்க மாட்டேன், தூக்கின பிறகு நிறுத்தவும் மாட்டேன்."

அன்றைக்கு முதல் ஆளாகக் கோமதி வந்து நின்றாள். ஒரு பெரிய மனுஷன் ஒரு பெண்ணின் கைக்காகக் கம்பியோடு காத்து நிற்பதைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. சாலையைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை, அவள் கையை மட்டும் பார்த்தால் போதும். ஒரு மாதம் என்றுதான் ஆரம்பித்தோம். சிஸ்டர் மாற்றலாகிப் போன பிறகும், கோமதி படிப்பு முடித்து நர்ஸாகிக் கலசப்பாக்கம் பக்கம் வேலைக்குப் போன பிறகும், நான் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. இன்றைக்கு நீங்கள் அதை மரியாதை என்று நினைக்கிறீர்கள்.

பிள்ளைகளே, ஒருநாள் உங்கள் முறை வரும்போது, சாலையில் உங்கள் தங்கையோ உயிர்ச் சிநேகிதனோ ஓடி வந்துகொண்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்கிற ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உங்கள் கையையே பார்ப்பார். கை கனக்கும். நேரத்துக்குத் தூக்கிவிடுங்கள். தூக்கிவிட்டு அங்கேயே நிற்காதீர்கள். கேட்டுக்குப் போய், ஓடி வந்தவரின் மூச்சு அடங்கும்வரை பொறுத்து, நாலாவது கட்டத்தில் பேனாவை வைத்து, 'ஏன் லேட்? யாருக்குத் தெரியும்?' என்று கேளுங்கள்.